பழசுன்னா தொடவே கூடாதா?

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கறேன். எம்.ஜி.பி. காரை நான் நேரில் பார்த்ததே இல்லை. எல்லாம் போனில் பார்த்த வீடியோக்கள்தான். ஆனாலும் அந்தக் காரோட ஆயில் ஃபில்டர் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கு. அதுவும் கொஞ்சம் காசு கொடுத்து வாங்கின கருத்து.

எம்.ஜி.பி. தெரியாதவங்களுக்கு: இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962-லிருந்து 1980 வரை தயாரான சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 5 லட்சத்துக்கும் மேல் செய்திருக்காங்க. உள்ளே இருப்பது 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். இந்த இன்ஜின் நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்லை. நம்ம ஊர் ரோட்டில் ரொம்ப வருஷம் ஓடின அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். ஒரு வகையில் சொந்தக்காரன்.

இந்தக் கார் வெச்சிருக்கறவங்க நடுவில் ஓயாத சண்டை ஒண்ணு உண்டு. ஆரம்ப வருஷ எம்.ஜி.பி.க்களில் இருப்பது கேனிஸ்டர் ஃபில்டர். இன்ஜினின் பக்கவாட்டில் தொங்கும் ஒரு இரும்புக் குவளை, அதுக்குள்ளே ஃபில்டர், எல்லாத்தையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் ஒரு நீள போல்ட். இதைக் கழட்டிட்டு, ஒரு அடாப்டர் மாட்டி, இப்போதைய கார்களில் இருக்கிற மாதிரி கையால் சுத்திப் போடும் ஸ்பின்-ஆன் ஃபில்டருக்கு மாறலாமா? ஒரு கட்சி "மாத்து, நிம்மதியா இரு" என்கிறது. இன்னொரு கட்சி "மாத்தினா அது பழைய காரே இல்ல" என்கிறது.

நான் மாத்தற கட்சி. ஆனா எங்க கட்சியிலேயே பலர் சொல்லும் காரணத்தை நான் ஏத்துக்க மாட்டேன். "புது மாடல் ஃபில்டர் நல்லா வடிகட்டும்" என்பாங்க. வடிகட்டுவது டப்பா இல்லைங்க, உள்ளே மடிப்பு மடிப்பா இருக்கும் தாள். நல்ல தாள் பழைய குவளைக்குள் இருந்தாலும் நல்லாத்தான் வடிகட்டும். உண்மையான காரணம் ஒரு ரப்பர் வளையம்.

குவளையின் விளிம்பு மேலே ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். அந்தப் பள்ளத்தில் ஆயில் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம். ஒவ்வொரு முறை ஃபில்டர் மாத்தும்போதும் பழைய வளையத்தைக் கூரான ஊசியால் தோண்டி எடுத்துட்டு, புதுசைப் போடணும். பிரச்சனை என்னன்னா, வருஷக்கணக்கா சூட்டில் வெந்த ரப்பர் ரப்பர் மாதிரியே இருக்காது. கறுத்து, இறுகி, பள்ளத்தோடு ஒட்டி, இரும்பு மாதிரியே ஆயிடும். வேலை செய்யறவர் காருக்கு அடியில் படுத்துக்கிட்டு, முகத்தில் ஆயில் சொட்ட, மேலே பார்க்கிறார். பள்ளம் காலியா இருக்குன்னு நினைச்சு புது வளையத்தைப் பழசு மேலேயே வெச்சுடறார். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். கசிவு கூட உடனே தெரியாமல் போகலாம். ஆனா ஓடும்போது இந்த இன்ஜினின் ஆயில் பிரஷர் 50 முதல் 80 பி.எஸ்.ஐ. நம்ம கார் டயரில் இருப்பதே 30 சொச்சம்தான். அந்த அழுத்தத்தில் ரெட்டை வளையம் நழுவினால், நாலு லிட்டர் ஆயிலும் ரோட்டுக்குப் போக ரொம்ப நேரம் ஆகாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் படிக்கலை. செகண்ட் இயர் லீவில் அப்பாவோட பைக்குக்கு நானே ஆயில் சர்வீஸ் பண்ணினேன். 300 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம்னு. ஃபில்டர் மூடியில் இருந்த பழைய ஓ-ரிங் ஒட்டிப் போய் மூடியோட ஒரு பாகம் மாதிரியே இருந்தது. அது மேலேயே புதுசைப் போட்டு டைட் பண்ணிட்டேன். ரெண்டு நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியலை. அடுத்த நாள் காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பினார். 18 கிலோமீட்டரில் இன்ஜின் சீஸ். வலது பக்கம் முழுக்க ஆயில், அப்பா ஷூ முழுக்க ஆயில். பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் பேரிங் எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். மூணு வாரம் அப்பா பஸ்ஸில் போனார். திட்டவே இல்லை. "அடுத்த தடவை என்னையும் கூப்பிடு, ரெண்டு பேரா பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஆயில் பின் டயரில் பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் இன்னமும் முழுசா யோசிக்கிறதில்லை.

அதனால்தான் ஸ்பின்-ஆன் எனக்குப் பிடிக்குது. அதில் ரப்பர் ஃபில்டரோடவே சேர்ந்து வருது. பழைய ஃபில்டர் போகும்போது பழைய ரப்பரும் போகும். தோண்டற வேலை இல்லை. ரப்பர் மேல் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் சுத்தி, முட்டினதுக்கு அப்புறம் முக்கால் சுத்து. முடிஞ்சது. உள்ளே தொலைஞ்சு போக ஸ்ப்ரிங், வாஷர் எதுவும் இல்லை. நல்ல ஸ்பின்-ஆனில் ஆயில் திரும்ப வழியாமல் தடுக்கும் ரப்பர் வால்வும் இருக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது காலி ஃபில்டர் நிரம்பும் வரைக்கும் பேரிங் காய்ஞ்சு கிடக்க வேண்டாம்.

இதில் தப்பே நடக்காதுன்னு சொல்லலை. ஸ்பின்-ஆனிலும் சில சமயம் பழைய ரப்பர் மட்டும் இன்ஜினிலேயே ஒட்டிக்கும். ஆனா கையில் இருக்கும் பழைய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தா போதும், ரப்பர் இல்லைன்னு பளிச்சுனு தெரியும். அடாப்டர் மாட்டும்போதும் அதே பழைய பள்ளத்தை ஒரு முறை தோண்டித்தான் ஆகணும். அதுவே கடைசி முறையா இருக்கட்டும். மாட்டி முடிச்சதும், ஸ்பார்க் வராமல் இக்னிஷனைத் துண்டிச்சுட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை ஸ்டார்ட்டரைச் சுத்தணும். அப்புறம்தான் இன்ஜினை ஓடவிடணும். திரெட் சேருதுன்னு கைக்குக் கிடைச்ச மலிவு ஃபில்டரையும் மாட்டக் கூடாது. உள்ளே எந்த வால்வு இருக்கு, இல்லைன்னு பார்த்துத்தான் வாங்கணும்.

சரி, எதிர்க்கட்சி சொல்றதிலும் நியாயம் இருக்கு. பழைய கார் ஒரு சாட்சி. அந்தக் காலத்தில் இப்படித்தான் யோசிச்சாங்கன்னு அது சொல்லுது. இன்னிக்கு ஃபில்டர், நாளைக்குக் கார்புரேட்டர், அப்புறம் கியர்பாக்ஸ்னு போனா கடைசியில் பழைய சட்டைக்குள் புது ஆள்தான் நிப்பான். இந்தப் பயம் சும்மா இல்லை.

ஆனா என் கோடு எங்கே இருக்குன்னு சொல்றேன். இரும்பை வெட்டணும், துளை போடணும்னா நான் வேண்டாம்பேன். போல்ட்டைக் கழட்டி மாட்டற வேலைன்னா தாராளமா செய்யலாம். குவளை, ஸ்ப்ரிங், வாஷர், நீள போல்ட் எல்லாத்தையும் துடைச்சு, ஆயில் தடவி, ஒரு டப்பாவில் எழுதி வெச்சுடுங்க. போட்டிக்கோ கண்காட்சிக்கோ போகும்போது ஒரு மதியத்தில் திரும்ப மாட்டிக்கலாம். ஃபில்டரைத் திரும்ப மாட்டலாம். நசுங்கின பேரிங்கை, கோடு விழுந்த கிராங்கை அப்படித் திரும்பக் கொண்டுவர முடியாது. எது நிஜமான ஒரிஜினல்? குவளையா, இன்ஜினா?

இன்னொண்ணு. பிந்தைய வருஷ எம்.ஜி.பி.க்களில் ஃபேக்டரியே ஸ்பின்-ஆனுக்கு மாறிடுச்சு. காரைச் செய்தவங்களுக்கே இல்லாத பிடிவாதம் வாங்கினவங்களுக்கு எதுக்கு?

நம்ம விஷயத்துக்கு வருவோம். வைவாவில் "ஆயில் ஃபில்டரின் வேலை என்ன?" என்று கேட்டா எல்லாரும் "அழுக்கை நீக்குவது" என்று சொல்லி ரெண்டு மார்க் வாங்கிடுவோம். அதை மாத்தறவன் எங்கே படுத்திருப்பான், அவன் கண்ணுக்கு என்ன தெரியும், எங்கே தப்பு பண்ணுவான்னு யாரும் நம்மைக் கேட்கிறதில்லை. அந்தக் கேனிஸ்டரை வரைஞ்சவங்க முட்டாள்கள் இல்லை. வரைபடத்தில் அது சரியாவே இருந்தது. தப்பு பண்ண வசதியாவும் இருந்தது.

இப்போ நம்ம எல்லார் கையிலும் ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இருக்கு. ரிவ்யூவுக்கு முன்னாடி உங்க டிசைனை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அவசரத்தில், அரை வெளிச்சத்தில், முன்னப்பின்ன தெரியாத ஒரு செகண்ட் இயர் பையன் அதைக் கழட்டி மாட்டினால் என்ன ஆகும்? அவன் அப்பா மறுநாள் காலையில் அதை ஓட்டிட்டுப் போவார்.