எலும்பும் சாட்சி சொல்லும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செழுந்தால், வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்றோடு நாம் நின்றுவிடுகிறோம். தடயவியல் மானிடவியல் என்றொரு துறையும் உண்டு. இடுப்பெலும்பைக் கொண்டு ஆணா பெண்ணா என்பதையும், பல்லின் வளர்ச்சியைக் கொண்டு சிறாரின் வயதையும், தொடையெலும்பின் நீளத்தைக் கொண்டு உயரத்தையும் கணிக்கும் கலை அது.

2018இல் தோண்டத் தொடங்கிய மன்னார்ப் புதைகுழியில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. காலத்தை அறிய மாதிரிகள் அமெரிக்காவுக்குச் சென்றன. 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 200க்கு மேற்பட்டவை. அங்கே ஒரு சிறாரின் புத்தகப்பையும் கிடந்தது.

காணாமற்போன மகனைத் தேடும் தாய் கேட்பது ஒரு விடையே. மருத்துவமோ தொல்லியலோ பயிலும் நம் மாணவர் சிலரேனும் பட்டத்தின் பின் இத்துறையிற் புகுவாராக. எலும்பைத் தொடும் படிப்பா என்று பெற்றோர் முகஞ் சுளியாதிருப்பாராக.