பூனைக்குட்டிக்குப் பசுப்பால் வேண்டாம்

சந்தையடியில ஆரோ சாக்கில கட்டி விட்டுப்போன குட்டியைத் தூக்கிவாறது நல்ல மனசுதான். ஆனால் வந்தவுடனே சிரட்டையில பசுப்பாலோ பால்மாவோ வைக்கிறமே, அதுதான் பிழை. அதிலுள்ள லக்டோஸ் பல குட்டிகளுக்குச் செமிக்காது. வயிற்றோட்டம் வந்தால், அந்தக் கையளவு உடம்பில நீர் வற்ற ஒருநாள் காணும்.

4 கிழமைக்குட்பட்ட குட்டியெண்டால் முதலில் சூடு, பிறகுதான் சாப்பாடு. குளிர்ந்த உடம்பு எதையும் செமிக்காது. மிருக வைத்தியரிடம் கேட்டு, பூனைக்குட்டிக்கென்றே இருக்கிற பால்மாவை 2, 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கா பருக்கவேணும். ஓம், இரவிலயும்தான். குப்புற வைத்துப் பருக்குங்கோ. மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போயிடும்.

அதுக்குப் பிறகு முள் எடுத்த அவிச்ச மீன், கோழி இறைச்சி, குட்டிகளுக்கான பைக்கற் சாப்பாடு எண்டு நாளுக்கு 4 தரம், கொஞ்சம் கொஞ்சமாய். அவிச்ச தண்ணியை ஊத்தாதேங்கோ, பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டோரின் அதில கரையும். குழம்புச்சோறு வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் பூனையின்ர இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

பெட்டை எண்டதுக்காகக் கண் திறக்க முன்னமே குட்டியளைக் கொண்டுபோய் விடுறவைக்கும் ஒண்டு சொல்லவேணும். 8 கிழமை தாயோட விட்டு, தாய்க்கு ரெண்டு மீன்துண்டு கூடப் போடுறது இதெல்லாத்தையும்விட மலிவு. கருத்தடை செய்தால் அடுத்த சாக்கே தேவைப்படாது.