எங்களைச் சேர்த்துச் சராசரி போடாதே

2022 ஆகஸ்ட் 8-இல் மக்களவை, டிசம்பர் 12-இல் மாநிலங்களவை. எரிசக்திச் சேமிப்புத் திருத்த மசோதா நிறைவேறிவிட்டது. கரிப்புகையைக் குறைக்கும் ஆலைக்குச் சான்றிதழ் உண்டு, விற்றுக் காசாக்கலாம். கூலிக்காரன் என்று ஒருத்தன் இருப்பதே அந்தச் சட்டத்துக்குத் தெரியாது.

தலைக்கணக்கில் எங்கள் புகை உலகச் சராசரியில் பாதிகூட இல்லை என்று உலக அரங்கில் வாதாடுகிறது இந்தியா. உண்மைதான். அந்தச் சராசரியைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பது யார்? ஏசி அறையில் தூங்குறவனா? ஒத்த பல்பு எரியுற காலனி வீடு. நம் இல்லாமையைக் காட்டி மாடிவீட்டுப் புகைக்கு மன்னிப்பு வாங்குகிறார்கள்.

எங்கள் எறையூரில் அரசின் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்புச் சக்கையில் எடுக்கும் மின்சாரம் அரசுக் கணக்கில் பசுமை மின்சாரம். அந்தக் கரும்பை வெட்டுறவனும் கட்டுத் தூக்குறவளும் எந்தக் கணக்கில்? வெயில் ஏற ஏற முதலில் சுருண்டு விழுவது அவர்கள்தான். சக்கைக்கு உள்ள மதிப்பு உழைப்புக்கு இல்லை.

நான் கேட்கிறேன்: எந்தச் சாதி எவ்வளவு மின்சாரம் எரிக்கிறது என்று கணக்கெடு. சான்றிதழ்க் காசில் வெட்டுக்கூலிக்குப் பங்கு வை. கொளுத்தும் நாளில் கூலியோடு ஓய்வு கொடு. அதுவரைக்கும் எங்களைச் சேர்த்துச் சராசரி போடாதே.