குற்றம் சொல்லும் முன் நான்கு கட்டம் போடுங்கள்!



"பிள்ளைக்குப் பத்து வயசு ஆச்சு, இன்னும் பிறப்புப் பத்திரம் எடுக்கலையாம். இவங்க எல்லாம் என்ன பெத்தவங்க?"

இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் யாராவது உண்டா? கோயிலில் கேட்கிறோம், சாப்பாட்டுக் கடையில் கேட்கிறோம், பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் கேட்கிறோம். பேசுகிறவர்கள் வேற்று இனத்தார் அல்லர். நாம்தான்! பத்திரம் இல்லாத தமிழனைப் பத்திரம் இருக்கிற தமிழன் ஏசுகிறான். அந்த ஏச்சுக்குப் பயந்தே பல குடும்பங்கள் வெளியில் வருவதில்லை. வெளியில் வராததால் பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கொடுமையில் நமது பங்கு எவ்வளவு என்று யோசித்திருக்கிறோமா?

பிறர் மனதைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எம்பதி மேப்' என்பார்கள். நாம் 'மனமறி படம்' என்று சொல்லிக்கொள்வோம். அமெரிக்காவில் டேவ் கிரே என்பவரின் எக்ஸ்பிளேன் நிறுவனத்தில் உருவானது இது. 2010-இல் வெளிவந்த 'கேம்ஸ்டார்மிங்' என்ற நூலின் வழியாக உலகம் முழுதும் பரவியது. பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் மனதை அறிந்து சாமான் விற்க இதைப் பயன்படுத்துகின்றன. சாமான் விற்பவனுக்கு உதவுகிற கருவி சமுதாயத்துக்கு உதவாதா?

செலவு ஒன்றும் இல்லை. ஒரு தாளின் நடுவில் ஒரு முகம் வரையுங்கள். சுற்றிலும் நான்கு கட்டம் போடுங்கள். அவர் என்ன சொல்கிறார்? என்ன செய்கிறார்? என்ன நினைக்கிறார்? என்ன உணர்கிறார்? கட்டத்துக்கு ஒரு கேள்வி. முதல் இரண்டும் நம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவை. பின் இரண்டும் எட்டாதவை. நாம் ஏசுவதெல்லாம் முதல் இரண்டு கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத்தான்!

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு பெண். அவளுடைய பிறப்பையே யாரும் பதியவில்லை. நீல அடையாள அட்டை உள்ளவரைக் கோயிலில் தாலி கட்டி மணந்தாள். இப்போது ஒரு பிள்ளை.

சொல்வது: "அடுத்த மாசம் போறோம்."

செய்வது: போவதில்லை. யாராவது விசாரித்தால் பேச்சை மாற்றுகிறாள்.

நினைப்பது: 'எனக்கே ஒரு பத்திரமும் இல்லை. அங்கே போனால் பிடித்து வைத்துக்கொள்வார்களோ? போன தடவை அலைந்ததில் ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.'

உணர்வது: பயம், வெட்கம், பிள்ளை கேள்வி கேட்கும்போது நெஞ்சில் ஒரு குத்தல்.

இப்போது சொல்லுங்கள், இவள் சோம்பேறியா?

சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு. சான்றுகளும் விசாரணையும் கூடிவிடும். முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தை 1982 மார்ச் 1 முதல் சட்டப்படி பதிந்தாக வேண்டும். கோயிலில் கட்டிய தாலி மட்டும் போதாது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை சேராது, தாயின் நிலைதான் சேரும் என்கிறது அரசியலமைப்பு. தாய்க்கோ பத்திரமே இல்லை! அதனால் தகப்பன் மலேசியர், பிறந்த இடம் மலேசியா, ஆனாலும் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கா நெகாரா' என்று விழுகிறது. சரி, திருமணத்தைப் பதியலாம் என்றால் அதற்கு அவளுடைய அடையாள ஆவணம் வேண்டும். செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி அதே இடம்தான்.

"போய்ப் பதிந்துவிட்டு வா" என்று இவளுக்குப் புத்தி சொல்வதால் என்ன பயன்? அவளுக்குத் தேவை கூட வரும் ஒரு துணை. அவளைத் தூக்கி வளர்த்த தோட்டத்துப் பெரியவர்களின் சாட்சி. முதலில் தாயின் தாமதப் பதிவு, பிறகு பிள்ளையின் காரியம் என்ற சரியான வரிசை. நான்கு கட்டத்தையும் பார்த்த பிறகுதான் இது நமக்குப் புரிகிறது.

இன்னொரு தாளை எடுங்கள். இந்த முறை முகப்பில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் முகம். "அவர்களுக்கு ஏன் பரிவு?" என்று சிலர் கோபப்படலாம். பரிவுக்காக அல்ல, காரியத்துக்காக! அவர் சொல்வது: "ஆவணம் போதவில்லை." செய்வது: பாரத்தைத் திருப்பித் தள்ளுவது. நினைப்பது, 'பொய்யான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் என் வேலை போகும்' என்பதாக இருக்கலாம். உணர்வது, நீண்ட வரிசையைப் பார்த்த களைப்பாக இருக்கலாம். அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்? கத்தக் கூடாது. ஆவணங்களை வரிசையாகக் கோப்பில் அடுக்கிக்கொண்டு போக வேண்டும். என்ன குறை என்று எழுத்தில் கேட்க வேண்டும். தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் மனதை அறிவதால் நம் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கட்டங்களை வீட்டில் உட்கார்ந்து கற்பனையில் நிரப்பாதீர்கள்! அப்படி நிரப்பினால் அதில் அவர்கள் மனம் இருக்காது, நம் மனம்தான் இருக்கும். மேலே அதிகாரியைப் பற்றி 'இருக்கலாம்' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கேட்டு உறுதி செய்யும் வரை அது ஊகம்தான். போய்ப் பேசுங்கள். போலீஸ் விசாரணை மாதிரி கேட்காமல், உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துப் பேசுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் போடாதீர்கள். அவர்களின் வெட்கம் நம் விளம்பரத்துக்கு அல்ல.

மனமறிவது மட்டும் போதுமா என்றால், போதாது. சட்டம் மாறினால்தான் பிள்ளைக்கு விடிவு. ஆனால் சட்டம் எழுதுகிறவர்களும் இந்தக் கட்டங்களைப் போட்டுப் பார்க்க வேண்டாமா? 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறிய திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கு நல்லது செய்தது. அதே திருத்தம், இங்கே பிறந்த நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்து வந்த குடியுரிமையை நீக்கவும் வழி செய்தது. சிவப்பு அடையாள அட்டையோடு இந்த மண்ணிலேயே காலம் முழுதும் உழைத்தவர்களின் மனதை அங்கே யார் வரைந்து பார்த்தார்கள்? நம்மிடம் நிரம்பிய தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தால், நாளை பெயர் மறைத்து அவற்றைச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் மேசையில் வைக்கலாம். "பாவம், ஏழைகள்" என்ற பொத்தாம் பொதுவான பேச்சைவிட அதற்குக் கனம் அதிகம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாமானில், உங்கள் பிளாட்டில், பத்திரம் இல்லாத ஒரு வீட்டுக்குப் போங்கள். "ஏன் எடுக்கலை?" என்று கேட்காதீர்கள். "எங்கே போய்த் தடைபட்டு நின்னுச்சு?" என்று கேளுங்கள். பதில் வரும். அதைக் கட்டத்தில் எழுதுங்கள். திங்கட்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தவர், அவர்களோடு போய் வரிசையில் நில்லுங்கள்.