எந்த விதானையார்?

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே தம்பலகாமத்திலிருந்து எமது கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன், வதிவிடச் சான்றிதழ் பெற விதானையாரிடம் போகவேண்டுமென்று சென்ற கிழமை அரைநாள் விடுமுறை கேட்டான். "எந்த விதானையார்?" என்றேன். பையன் விழித்தான்.

விதானையார் என்னும் கிராமத் தலைவர் பதவி 1963இல் ஒழிந்தது. போட்டிப் பரீட்சையில் தேறிய கிராம சேவகர் அவ்விடத்துக்கு வந்தார். இன்று அவர் கிராம உத்தியோகத்தர். ஆயினும் ஊரார் வாயில் அவர் விதானையாரே. வயலுக்குச் சென்றாலோ, அங்கே இன்னொரு விதானையார் இருக்கிறார். அவர்தான் வட்டவிதானை.

கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களை அடையுமுன் எத்தனை மடை, எத்தனை கை! எவர் வயலுக்கு முதலிற் பாய்வது, எவர் வாய்க்காலைத் துப்புரவாக்கவில்லை, எவருடைய மாடு பயிரில் இறங்கியது என்பனவற்றையெல்லாம் வரம்பில் நின்றே தீர்த்து வைப்பவர் அவர். முன்னாளில் அவருக்குரிய கூலியைக் கமக்காரரே நெல்லாக அளந்தனர். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அவருடைய இடத்துக்குப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டு வந்தது. குழுக்கள் பின்னர் மறைந்தன; வட்டவிதானை மறையவில்லை. இன்றும் கமக்கார அமைப்பினர் கூடி ஒருவரைத் தெரிந்து, அப்பெயராலேயே அழைக்கின்றனர். நடுநிசியில் மடையடியில் மண்வெட்டியோடு இருவர் முறைத்து நிற்கையில், கச்சேரிக்கு மனு எழுதி ஆவதென்ன?

பழைய முறையை எண்ணிப் பெருமூச்சு விடுவோரோடு நான் சேரேன். காணியும் செல்வாக்கும் உள்ள குடும்பங்களிலிருந்தே கிராமத் தலைவர்கள் பெரும்பாலும் வந்தனர். ஏழை வீட்டுப் பிள்ளையும் அந்நாற்காலியில் அமரலாம் என்றாக்கியது பரீட்சை. ஆனால் தண்ணீர் பங்கிடுபவருக்குப் பரீட்சை இல்லை. அவர் ஊரில் ஒருவருக்கு மைத்துனர், இன்னொருவருக்கு மாமன். கடைமடையில் அரை ஏக்கரைக் குத்தகைக்குச் செய்பவன் யாரிடம் முறையிடுவான்?

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவரல்லர். கோணேசர் கோயிலில் தொழும்பு செய்த தானத்தாருக்கும் வரிப்பத்தாருக்கும் இடையே வழக்குண்டானால் தீர்த்து வைப்பதற்கு, மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை அழைத்து வந்து குளக்கோட்டன் வன்னியனாக வைத்தான் என்று கோணேசர் கல்வெட்டுக் கூறும். வரலாறோ ஐதிகமோ, அதை ஆய்வாளருக்கு விடுவோம். இரு சாராருக்கும் உறவில்லாத ஒருவனைத் தேடினார்களே, அதுவே கவனிக்கத்தக்கது. அவன் சந்ததியார் உள்ளூரிற் பெண்ணெடுத்த பின் என்ன ஆயிற்றோ!

மறுநாள் பையனிடம், சான்றிதழ் கிடைத்ததா என்று கேட்டேன்.

"கிடைத்தது சேர். அப்பாதான் இன்னும் மற்ற விதானையார் வீட்டு வாசலில் நிற்கிறார்."