தோப்பின் வேலியும் பறவைகளும்

கம்பிவேலி போடுவதே முன்னேற்றம் எனக் கருதும் மாந்தோப்புக்காரர்கள் நகரி வட்டாரத்திலும் உண்டு. இலந்தையும் காரையும் பின்னி வளர்ந்த முள்வேலி சிறிது நிலத்தை விழுங்குகிறது என்பது மெய்யே. ஆயினும் சின்னானும் தவிட்டுக்குருவியும் கூடு கட்டுவது அவ்வேலியில்தான்; கம்பியில் அன்று.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பழைய சித்தூர் ஜில்லாவில், மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷி வேலிப் பள்ளியைச் சூழ்ந்த குன்றுகள், விறகுவெட்டாலும் ஆட்டு மேய்ச்சலாலும் மொட்டையாகிக் கிடந்தவை. மழை குறைந்த அப்பிரதேசத்தில் பள்ளியார் பல்லாண்டுகள் மரம் நட்டனர், மழைநீரைத் தேக்கினர். 1991 ஆம் ஆண்டில் அவ்வளாகம் பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியப் பாறைக்குன்றுகளிலன்றி வேறெங்கும் காணப்படாத மஞ்சள்தொண்டைச் சின்னானும் அங்கே வாழ்கிறது. பறவைகளை ஒருவரும் பிடித்துவந்து விடவில்லை. இடம் சீர்பட்டது, அவை வந்தன.

கிளி பழத்தைக் கொத்துகிறதே என்று தோப்புக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. அந்நஷ்டத்தை மறைத்துப் பேசுவது பிரசாரமாகுமேயன்றி விஞ்ஞானமாகாது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். பழந்தின்னும் சின்னான்கூடத் தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளை ஊட்டுகிறது. பட்ட மரத்தில் மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்தில் புள்ளி ஆந்தை குடியேறி, எலியையும் வண்டையும் வேட்டையாடுகிறது. பட்ட மரத்தை உடனே விறகாக்குபவர் அந்தக் காவற்காரனையும் வெளியேற்றுகிறார். ஆந்தையின் அலறல் அபசகுனம் என்னும் எண்ணம் இதற்குத் துணைபோகிறது. அதனை அகற்றுவதில் ஆசிரியர்களுக்குள்ள வாய்ப்பு எந்த அதிகாரிக்கும் இல்லை.

செலவு மிகுந்த செயற்கைக் கூடுகளைப் பரிந்துரைப்பதற்கு முன், களப்பணியாளர் தோப்பின் ஓரத்தில் அத்தி, நாவல், வேம்பு இவற்றுக்கு இடம் கேட்பது நலம். விதையைப் பரப்பும் வேலையைப் பறவைகளே பார்த்துக்கொள்ளும். (உண்ணிச்செடியையும் அவையே பரப்புகின்றன, அதை மட்டும் மனிதர் களைய வேண்டும்.) கோடையில் நிழலில் வைத்த ஒரு மண்தொட்டி நீர் போதுமானது. பூச்சிமருந்தைத் தேவையறிந்து தெளிப்பதும், குஞ்சு பொரிக்கும் காலத்தில் வேலியை வெட்டாதிருப்பதும் செலவில்லாதவை. தோப்பைப் பார்வையிடும் பணியாளர் மாமரங்களை எண்ணும்போதே, வேலியின் நீளத்தையும் பொந்துள்ள மரங்களையும் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கலாம்.