'கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடலாமா?

காலனியில் ஒரு பெண் ஈரத்துணியைக் கொடிக்கம்பியில் போடப்போய் மின்சாரம் தாக்கி இறந்தால், மறுநாள் நாளிதழில் நான்கு வரி வரும். 'எதிர்பாராத விதமாக' என்ற சொல் அதில் தவறாமல் இருக்கும். 'பார்த்துப் போட்டிருக்கக் கூடாதா' என்பார்கள் அக்கம்பக்கத்தில். இந்தப் பேச்சை நாம் இனி ஏற்கக் கூடாது.

களப்பணிக்குப் போகும்போது பழைய தொகுப்பு வீடுகளின் மின்பலகையை நாங்கள் பார்ப்பதுண்டு. பீங்கான் ஃபியூஸ் கட்டை, அதில் கைக்குக் கிடைத்த செம்புக்கம்பியை முறுக்கி வைத்திருப்பார்கள். எர்த் கம்பி வீட்டுக்குள் வந்திருக்காது, வந்திருந்தாலும் எப்போதோ அறுந்திருக்கும். பிளக் பாயின்டில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதன் பின்னால் ஒன்றும் இருக்காது. மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும். சர்வீஸ் வயர் தகரக் கூரையில் உரசிக்கொண்டு போகும். அந்தக் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயில்தான் கொடிக்கம்பியைக் கட்டியிருப்பார்கள். இதில் அந்தப் பெண் எதைக் கவனித்திருக்க வேண்டும்?

'ஃபியூஸ் இருக்கே, எம்.சி.பி. போட்டாச்சே' என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவை இரண்டும் ஒயரைக் காப்பவை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு நம் உடல் வழியே பாயும் 0.1 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். (பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் அதுவும் கைவிடும், அது வேறு.)

மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகள் இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கின. ஆனால் 250 வோல்ட்டில் 5 கிலோவாட்டுக்குக் குறைவான இணைப்புகளுக்கு விலக்கு அளித்தன. 5 கிலோவாட் என்றால் ஏ.சி.யும் கீசரும் ஓடும் வீடு. இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் உள்ள வீடு விதிக்கு வெளியே நின்றது. வரம்பு பிறகு குறைக்கப்பட்டது என்றாலும், முதலில் யாருடைய உயிர் கணக்கில் வந்தது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

இரும்புக் கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுங்கள் என்று நோட்டீஸ் கொடுப்பது நல்லதுதான், நாமும் கொடுப்போம். ஆனால் எர்த் போடுவதும் ஆர்.சி.சி.பி. பொருத்துவதும் தினக்கூலிக் குடும்பத்துக்குப் பல நாள் சம்பளம். வீட்டைக் கட்டிக்கொடுத்த அரசுதான் அந்தச் செலவை ஏற்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதிக்கென்று 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. உயிர் காக்கும் கருவிக்கு அந்த நிதியிலிருந்து கேட்பதில் என்ன தவறு?

மாணவத் தோழர்கள் அடுத்த கிராம சபைக்குள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் காலனியில் எத்தனை வீட்டில் எர்த் இருக்கிறது, எத்தனை வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று வீடு வீடாக எழுதுங்கள். எதையும் தொட்டுப் பார்க்க வேண்டாம், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பட்டியலோடு தீர்மானம் கொண்டுவாருங்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்டுகிறார்கள் என்றால், அந்த மூன்றரை லட்சம் ரூபாயில் இவை இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா என்று அதே கூட்டத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.